தடுப்பதற்கு எத்தனை சொல்?

வாசகர் கேள்வி: 2025 மார்ச் 2, காலை 9.40

எங்கள் குடியிருப்புக்கு நான்கு அறிவிப்புப் பலகை எழுதித் தரும் வேலை என் தலையில் விழுந்திருக்கிறது. ஒன்று வாசலில் நிற்கும் வண்டிகள் பற்றி. இரண்டாவது, குப்பை எடுக்க வருகிறவர்களோடு வம்பு செய்பவர்களுக்கு. மூன்றாவது மழைநீர் வடிகாலுக்கு. நான்காவது, மாதக் கூட்டத்தில் ஒருவர் பேசும்போது நடுவில் புகுந்து பேசுகிறவர்களுக்கு. நான்கிலும் "தடை செய்யாதீர்" என்றுதான் எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் "இது தமிழே இல்லை" என்கிறார். என் கருத்து இதுதான்: இந்தப் பொருளுக்குத் தமிழில் இருக்கும் உருப்படியான சொல் ‘தடை’ ஒன்றுதான். மற்றதெல்லாம் பேச்சு வழக்கும் அலங்காரமும். மறுப்பு இருந்தால் சொல்லுங்கள்.

மார்ச் 2, பகல் 1.15

மறுப்பு இருக்கிறது. "தடை செய்" என்றதும் இன்றைக்கு எல்லாருக்கும் முதலில் தோன்றுவது அரசு ஆணை. நெகிழிப் பைக்குத் தடை, கட்சிக்குத் தடை. "வாசலைத் தடை செய்யாதீர்" என்ற பலகையைப் பார்க்கிறவர், வாசலையே யாரோ சட்டம் போட்டு ஒழிக்கிறார்களோ என்று ஒரு நொடி நின்றுதான் போவார். பெரியவர் சொன்னது சரி.

தடை பாவம், ஏற்கெனவே நிறையச் சுமக்கிறது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தால் இப்போதைக்கு நிறுத்தி வை என்று பொருள். அரசு தடை விதித்தால் கூடவே கூடாது என்று பொருள். தடையில்லாச் சான்றில் வரும் தடை வெறும் ஆட்சேபணை. சைவ சித்தாந்த உரைகளில் ‘தடை விடை’ என்று வரும். அங்கே தடை என்பது எதிராளி எழுப்பும் மறுப்பு, ஆசிரியர் அதற்குச் சொல்வது விடை. ஓட்டப் பந்தயத்தில் தாண்டி ஓடுகிற கட்டையும் தடைதான். இத்தனையையும் தாங்குகிறதே என்று உங்கள் வாசலையும் வடிகாலையும் அதன் முதுகிலேயே ஏற்ற வேண்டுமா?

மார்ச் 2, இரவு 10.30

மதியம் எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. அதுதான் முக்கியம் என்று இப்போது படுகிறது.

தடு, தடை, தடங்கல் மூன்றும் ஒரே வேர். ஆனால் ‘தடுத்தான்’ என்றால் ஓர் ஆள் இருக்கிறான், கையைக் குறுக்கே நீட்டியிருக்கிறான். ‘தடைப்பட்டது’ என்றால் ஆளைக் காணோம். ‘தடங்கல்’ என்றால் ஆள் இருந்தான் என்ற சந்தேகம்கூட வராது. பழைய தொலைக்காட்சிப் பெட்டியில் பாதிப் படத்தில் படம் நின்று, "தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று ஓர் அட்டை வருமே, நினைவிருக்கிறதா? தூர்தர்ஷன் பார்த்து வளர்ந்த எல்லாருக்கும் அந்த இரண்டு சொல் மனப்பாடம். ஊரில் ஒரே ஒரு வீட்டுத் திண்ணையில் நாற்பது பேர் உட்கார்ந்து பார்ப்போம். அந்த அட்டை வந்ததும் யார் மேலும் கோபம் வராது. மழையைப் போல, மின்வெட்டைப் போல அதுவும் ஒன்று. "ஒளிபரப்பை நிறுத்திவிட்டோம், வருந்துகிறோம்" என்று போட்டிருந்தால் திண்ணையே எழுந்து சண்டைக்குப் போயிருக்கும்.

அட்டையில் அந்தச் சொல்லைப் போட்டவர் யாரோ, சொல்லின் எடை தெரிந்தவர்.

மார்ச் 3, காலை 6.50

ஆள் இருக்கிறானா இல்லையா என்பது எனக்கு ஏட்டுக் கேள்வி இல்லை.

அப்பா இறந்த பிறகு பட்டா மாறுதலுக்கு ஓர் அலுவலகத்துக்கு 14 மாதம் நடந்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். அங்கே யாரும் என்னைத் தடுக்கவில்லை. நாற்காலி கொடுத்தார்கள், உட்காரச் சொன்னார்கள். ஒருநாள் வாரிசுச் சான்றின் நகல் தெளிவாக இல்லை என்றார்கள். அடுத்த முறை அளவர் விடுப்பு. அதற்கு அடுத்த முறை கோப்பு மேசை மாறிவிட்டது. அப்புறம் மறுபடி நகல் தெளிவாக இல்லை. ஒரு நாளாவது யாராவது "முடியாது" என்று சொல்லியிருந்தால் மேல்முறையீடு செய்திருப்பேன். சொல்லவே இல்லை.

முறையீடு எழுத உட்கார்ந்தபோதுதான் சொல் கிடைக்காமல் திண்டாடினேன். "தடுத்தார்கள்" என்று எழுதினால் பொய். "தடைப்பட்டது" என்று எழுதினால் அவர்கள் தப்பித்துக்கொள்வார்கள். கடைசியில் அம்மா சொன்னார்: "அலைக்கழிச்சாங்கன்னு எழுதுப்பா." அதுதான் சரியான சொல். இழுத்தடித்தல், கிடப்பில் போடுதல், ஊறப் போடுதல், தட்டிக்கழித்தல் எல்லாம் இந்தக் குடும்பம்தான். ஆனால் ஒன்று இன்னொன்றில்லை. கிடப்பில் போடுவது கோப்பை. இழுத்தடிப்பது காலத்தை. தட்டிக்கழிப்பது பொறுப்பை. அலைக்கழிப்பது மனுஷனை. என் காலில் தேய்ந்த செருப்பு அந்த ஒரு சொல்லில்தான் இருந்தது.

இதை அலங்காரம் என்று சொன்னால் எனக்கு வலிக்கிறது.

மார்ச் 3, இரவு 9.05

கேட்டவர் வருத்தம் தெரிவித்திருக்கிறார். வருத்தமெல்லாம் வேண்டாம், கேட்டது நல்ல கேள்வி. "சரி, பேசாமல் ‘முட்டுக்கட்டை போடாதீர்’ என்று எழுதிவிடட்டுமா, எல்லா இடத்துக்கும் பொருந்துமே?" என்கிறார்.

பொருந்தாது. முட்டுக்கட்டை ஓடுகிற ஒன்றுக்குத்தான் போட முடியும். ஒரு திட்டம் ஓடுகிறது, ஒரு பேச்சுவார்த்தை ஓடுகிறது, அதற்குப் போடலாம். நிற்கிற வாசலுக்கு எப்படிப் போடுவது? தவிர, அந்தச் சொல்லைத் திட்டுச் சொல்லாகப் பயன்படுத்துவதில் எனக்கு ஒரு மனத்தாங்கல் உண்டு. நாளைக்கு எழுதுகிறேன்.

மார்ச் 4, இரவு 11.20

என் தாய்மாமா எங்கள் ஊர்த் தேருக்கு முப்பது வருஷத்துக்கு மேல் கட்டை போட்டவர். ஊர் திருவாரூரிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம். தேர் சின்னதுதான், ஆழித்தேர் முன்னால் வைத்தால் பொம்மை. ஆனால் மரச் சக்கரம் நான்கும் ஓர் ஆள் உயரம் இருக்கும்.

முட்டுக்கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள் குறைவு என்பதால் சொல்கிறேன். எங்கள் ஊரில் புளியங்கட்டை. ஒரு பக்கம் சரிவாகச் செதுக்கியிருக்கும், சக்கரம் வந்து ஏறும் பக்கம் அது. மறுபக்கம் பிடிக்க வாகாகக் கைப்பிடி விட்டிருப்பார்கள். தேருக்கு முந்தின நாள் மாமா அதையெல்லாம் வாசலில் பரப்பி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பார். ‘டொக்’ என்று கனமாகக் கேட்டால் ஒரு பக்கம், ஓட்டைச் சத்தம் கேட்டால் அடுப்படிப் பக்கம். ஒருமுறை ஓடிய கட்டையில் சக்கரத்தின் இரும்புப் பட்டை பதிந்த தழும்பு இருக்கும். விரலால் தடவினால் மரநார் நசுங்கிப் பளபளவென்று தெரியும்.

தேர் நகர ஆரம்பித்ததும் முன்னால் ஊரே வடம் பிடிக்கும். பின்னால் சன்னை போடுகிறவர்கள் சக்கரத்துக்கு அடியில் நீண்ட மரத்தைக் கொடுத்து நெம்புவார்கள். நகர்ந்துவிட்டால் அதற்கப்புறம் எல்லாம் கட்டைக்காரர்கள் கையில்தான். வடம் பிடிக்கிறவர்களுக்கு இழுக்க மட்டும்தான் தெரியும். நிறுத்துவது அவர்களால் முடியாது. தேருக்குக் கடிவாளமும் கிடையாது, திருப்ப வளையமும் கிடையாது. சக்கரத்துக்குப் பக்கத்திலேயே குனிந்தபடி ஓடி, சரியான நேரத்தில் சரியான கோணத்தில் கட்டையைச் செருக வேண்டும். நேராகச் செருகினால் தேர் நிற்கும். சாய்த்துச் செருகினால் சக்கரம் கட்டையில் ஏறி வழுகி, தேர் மூக்கைத் திருப்பும். தெற்கு வீதி முக்கில் மாமா இடது முன்சக்கரத்துக்கு ஒரே நேரத்தில் இரண்டு கட்டை கொடுப்பார். தேர் ஒரு குலுக்குக் குலுக்கி, கும்பம் ஆடி, மெதுவாக மேற்கே பார்க்கும். கூட்டம் அப்போதுதான் மூச்சு விடும்.

மாமாவின் வலது ஆள்காட்டி விரலுக்கு நகம் இல்லை. ஒரு வருஷம் கையை எடுக்கக் கால் நொடி தாமதம்.

ஆகவே "என் முன்னேற்றத்துக்கு முட்டுக்கட்டை போடுகிறார்கள்" என்று யாராவது சொன்னால் என் கண்ணுக்கு முன்னால் வருவது மாமாதான். அந்தக் கட்டை இல்லாவிட்டால் தேர் ஓடாது என்பதில்லை. ஓடும், வீட்டுத் திண்ணைக்குள் போய் நிற்கும்.

மார்ச் 5, காலை 7.30

"இப்போது தேருக்குப் பிரேக் வந்துவிட்டதே" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். வந்துவிட்டது. திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி. திருச்சி பெல் நிறுவனம் அதற்கு இரும்புச் சக்கரமும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்தது. அதற்குப் பிறகும் அங்கே முட்டுக்கட்டை போகவில்லை, வீதி முனைகளில் இன்றும் கட்டைதான். நிறுத்துவதற்குப் பிரேக் போதும், திருப்புவதற்குக் கட்டை வேண்டும்.

தென் மாவட்டங்களில் இதே வேலைக்குச் சறுக்குக்கட்டை என்ற சொல்லும் உண்டு. சறுக்குக்கட்டை எவ்வளவு சரியான பெயர்! கட்டை மறிக்கவில்லை, சறுக்க விடுகிறது.

மார்ச் 5, இரவு 8.10

முட்டு என்ற சொல்லை இன்றைக்கு முழுக்க மனதில் உருட்டிக்கொண்டிருந்தேன்.

குலை தள்ளிய வாழைக்கு முட்டுக் கொடுக்கிறோம். சாய்கிற சுவருக்கு முட்டுக் கொடுக்கிறோம். அரசியல் பேச்சில் ஒருவருக்கு ‘முட்டுக் கொடுப்பது’ என்றால் எது செய்தாலும் தாங்கிப் பேசுவது. அங்கே முட்டு என்றால் ஆதரவு. முட்டுச்சந்து என்றால் அதற்கு மேல் வழி இல்லை. முட்டுப்பாடு என்றால் பணத்துக்குத் திண்டாட்டம். கொடுத்தால் தாங்கல், போட்டால் தடுப்பு. வினைச்சொல் மாறினால் பொருளே குப்புற விழுகிறது.

மாமாவிடம் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்பார். தேர் நின்ற பிறகு நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுத்து வைப்பார்கள், ராத்திரியில் உருளாமல் இருக்க. அது தடுப்பா, தாங்கலா?

மார்ச் 6, பகல் 2.00

கொங்குப் பக்கத்து வாசகர் ஒருவர் ‘குறுக்குச்சால் ஓட்டுதல்’ என்பதைச் சேர்க்கச் சொல்கிறார். கட்டாயம் சேர்க்க வேண்டும். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து பேச்சைத் திருப்புகிறவரைப் பார்த்து "குறுக்குச்சால் ஓட்டாதே" என்போம். நான்காவது பலகைக்குப் பொருள் அளவில் இதைவிடப் பொருத்தமான சொல் கிடையாது. ஆனால் நகரத்துப் பிள்ளைகளுக்குப் புரியுமா என்பது வேறு விஷயம்.

இங்கேயும் அதே கதை. வயலில் நெடுக்கே ஒருமுறை உழுதுவிட்டு அப்புறம் குறுக்கே உழுவது நல்ல உழவு. முதல் சாலில் புரளாத கட்டி குறுக்குச்சாலில் உடையும். உழவனுக்கு அது வேலையின் பாதி. பேச்சுக்கு வந்ததும் வசவாகிவிட்டது. கடிவாளமும் மூக்கணாங்கயிறும் இப்படித்தான். குதிரையையும் மாட்டையும் வேலைக்குப் பழக்குகிறவை, மனிதனுக்குச் சொன்னால் அடக்குமுறை.

தொண்டுக்கட்டை மட்டும் விதிவிலக்கு. ஊர் மேயும் மாட்டின் கழுத்தில் தொங்கவிடும் கட்டை அது. ஓடினால் முன்னங்காலில் இடிக்கும். அதில் மாட்டுக்கு நல்லது ஒன்றும் இல்லை. சின்ன வயதில் எங்கள் செவலைப் பசுவுக்குக் கட்டியிருந்தார்கள். முழங்காலில் புண். அதை நினைத்தால் இன்றும் சங்கடமாக இருக்கிறது.

மார்ச் 6, இரவு 10.45

திருத்தம். மேலே "வேலைக்கருவியாக நல்லது, பேச்சில் வசவு" என்று ஒரு விதி போல எழுதிவிட்டேன். மறியலை மறந்துவிட்டேன். அது எதிர்த்திசையில் போன சொல்.

மறி என்றால் குறுக்கே நின்று போகவிடாமல் செய். கள்ளர்கள் வழிமறித்தார்கள் என்று கதைகளில் வரும். ஆனால் ‘மறியல்’ ஆனதும் சொல்லுக்கு ஒரு கௌரவம் வந்துவிட்டது. 1921-ல் ஈரோட்டில் கள்ளுக்கடை மறியல் நடந்தபோது பெரியாரோடு அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் முன்னின்றார்கள். வழிப்பறிக்காரன் செய்ததும் அவர்கள் செய்ததும் வினை அளவில் ஒன்றேதான்: குறுக்கே நிற்பது. மறியல் செய்கிறவர் ஒளிந்து நிற்பதில்லை, அதுதான் வேறுபாடு. தன் உடம்பையே கட்டையாக வைக்கிறார், அதற்கான தண்டனையையும் ஏற்கிறார்.

சட்டம் இதை இன்னும் நுணுக்கமாகப் பிரிக்கிறது. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் 341, 342 என்று இரண்டு பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் அவை 126, 127. ஒருவர் போக உரிமையுள்ள திசையில் போகவிடாமல் செய்வது முதலாவது. நாலாபக்கமும் வெளியேற முடியாமல் ஓர் எல்லைக்குள் வைப்பது இரண்டாவது. முதலாவதற்கு ஒரு மாதம் வரை சிறை, இரண்டாவதற்கு ஓராண்டு வரை. செய்தித்தாளில் இரண்டுக்கும் "சட்டவிரோதமாகத் தடுத்து" என்று ஒரே மாதிரி எழுதுகிறார்கள். எங்கள் அச்சகத்துக்கு இப்படி ஒரு மெய்ப்பு வந்தால் நான் ஒன்றை ‘மறித்தல்’ என்றும் மற்றதை ‘அடைத்தல்’ என்றும் திருத்துவேன். சாலையில் மறிக்கிறோம், அறையில் அடைக்கிறோம். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வேறுபாடு.

மார்ச் 7, காலை 8.20

யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர் நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டுப் பேசினார். அவர்களுக்கு மறியல் என்றதும் சிறைதான் முதலில் தோன்றுமாம். நீதிமன்றம் ஒருவரை விசாரணை முடியும்வரை காவலில் வைத்தால் ‘விளக்கமறியல்’. இலங்கைப் பத்திரிகைகளில் நானும் பார்த்திருக்கிறேன். ஆக நான் நேற்று அவ்வளவு பெருமையாகப் பிரித்த மறித்தலும் அடைத்தலும் கடலைத் தாண்டியதும் ஒன்றாகிவிடுகின்றன. என் பிரிப்பை இந்தக் கரைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் இன்னொன்றும் கொடுத்தார். அங்கே "என்னை மினக்கெடுத்தாதை" என்றால் என் வேலையைக் கெடுத்து நேரத்தை வீணாக்காதே என்று பொருள். இங்கே நாம் "உனக்காக மெனக்கெட்டு வந்தேன்" என்கிறோம், அதற்கென்றே பாடுபட்டு என்ற பொருளில். இரண்டும் வினைக்கேடு என்பதிலிருந்து வந்தவைதான். வினை கெட்டது. தன் வேலை கெட்டாலும் பரவாயில்லை என்று வருகிறவர் மெனக்கெடுகிறார். அடுத்தவர் வேலையைக் கெடுக்கிறவர் மினக்கெடுத்துகிறார். ஒரே சொல்லை ஒரு கரை தியாகமாகவும் மறுகரை இடைஞ்சலாகவும் எடுத்துக்கொண்டது. காலையிலிருந்து இதைத் தவிர வேறு எதுவும் ஓடவில்லை எனக்கு.

மார்ச் 7, இரவு 9.50

நந்தி, கரடி இரண்டையும் விட்டுவிட்டதாகப் புகார் வந்திருக்கிறது.

"நந்தி மாதிரி குறுக்கே நிக்காதே." நந்தி மறைக்கிற கதை திருநாளைப்போவார் என்கிற நந்தனாருடையது. வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில் திருப்புன்கூர். சாதியைக் காட்டி, கோயிலுக்குள் போக அவருக்கு அனுமதி இல்லை. வெளியில் நின்றே கும்பிட வந்தார், நந்தி மறைத்தது, இறைவன் விலகச் சொன்னார். இன்றும் அங்கே நந்தி சற்று ஒதுங்கித்தான் இருக்கிறது. நான் போய் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன், சன்னிதி தெரிகிறது. ஊரே கும்பிடும் கதை. ஆனால் அவரை உண்மையில் மறித்தது கல் நந்தி இல்லை என்பது எல்லாருக்கும் தெரியும். நந்தி விலகியது, வாசலில் நின்ற வழக்கம் அவ்வளவு எளிதாக விலகவில்லை. ஆள் இருந்தும் ஆள் தெரியாமல் மறிக்கிற வித்தை இதுதான். முதல் நாள் தடங்கல் பற்றி எழுதியபோது எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும்.

"சிவபூஜையில் கரடி" பற்றி: கரடி என்பது விலங்கில்லை, கரடிகை என்ற வாத்தியம் என்று விளக்கம் சொல்வார்கள். அப்படி ஒரு வாத்தியம் இருந்தது உண்மை. ஆனால் பூஜையில் வாத்தியம் முழங்கினால் அது பூஜையின் பகுதி, இடையூறு எப்படி ஆகும்? பழமொழி சொல்கிறவர் முகத்தைப் பாருங்கள், அவர் மனதில் இருப்பது நாலு கால் கரடிதான்.

மார்ச் 8, அதிகாலை 5.15

தூக்கம் வரவில்லை. மாடி வீட்டில் யாரோ கட்டில் நகர்த்தி, தூங்கவிடாமல் செய்துவிட்டார்கள். அப்படி முணுமுணுத்த பிறகுதான் உறைத்தது.

ஆறு நாளாகப் பெயர்ச்சொல்லையே தேடிக்கொண்டிருந்திருக்கிறேன். தமிழன் ஒரு நாளில் நூறு தடவை சொல்கிற தடுப்புச் சொல் பெயர்ச்சொல்லே இல்லை. விடாமல். தூங்கவிடாமல், படிக்கவிடாமல், பேசவிடாமல். "போகவே விட மாட்டேங்கிறான்." "சாப்பிட விடுறியா?" கொஞ்சம் பழைய உரைநடையில் போகவொட்டாமல், பேசவொட்டாமல் என்று வரும். என் ஆத்தா அப்படித்தான் பேசும்.

இந்த அமைப்பில் எது கெட்டது என்பது முதலில் வந்துவிடுகிறது: தூக்கம், படிப்பு, பேச்சு. யார் செய்தார் என்பதும் ஒளியாது. காவல்துறைச் செய்திகளில்கூட "அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தடுத்ததாக" என்றுதான் எழுதுகிறார்கள். அந்த வாக்கியத்தில் வேலை செய்வது ‘விடாமல்’தான். ‘தடுத்ததாக’ சும்மா உடன் வருகிறது.

முதல் நாள் வேர்ச்சொல் ஆராய்ச்சியில் இறங்காமல் இதைச் சொல்லியிருந்தால் கேட்டவர் அன்றைக்கே பலகையை எழுதியிருப்பார்.

மார்ச் 8, பகல் 12.40

வடிகால் பற்றி யாரும் பேசவில்லை. தண்ணீருக்கு எங்கள் பக்கம் தனி அகராதியே உண்டு. நீரை நிறுத்துவது என்று பொதுவாக யாரும் சொல்ல மாட்டார்கள். மடையை அடைப்பார்கள், மதகுக்குப் பலகை போடுவார்கள், வாய்க்காலைத் திருப்ப மண்ணும் தழையும் போட்டுக் கொரம்பு கட்டுவார்கள். அடுத்தவன் பங்கைத் தின்ன ராத்திரியில் கட்டினால் விடிந்ததும் மண்வெட்டியோடு சண்டை. முறை வைத்துக் கட்டினால் கடைமடைக்கும் தண்ணீர் போகும்.

வள்ளுவர் 38-ஆம் குறளில் அறத்தை ‘வழியடைக்கும் கல்’ என்கிறார். ஒரு நாளும் வீணாக்காமல் நல்லது செய்தால், மறுபடி பிறந்து வரும் வழியை அடைக்கிற கல்லாக அது ஆகும். அறத்துக்கு விளக்கு, நிழல் என்று என்னென்னவோ உவமை சொல்லியிருக்கலாம். வாய்க்கால் கரையில் நின்று ஒரு கல்லை எடுத்திருக்கிறார். மாமாவுக்கு ஒருமுறை இதைப் படித்துக் காட்டினேன். "கட்டை போட்டவராத்தான் இருக்கணும்" என்றார்.

உங்கள் வடிகாலுக்கு ‘அடை’தான் சொல். குப்பை போட்டால் அடைத்துக்கொள்ளும்.

மார்ச் 9, மாலை 6.30

மாமாவிடம் இன்று தொலைபேசியில் பேசினேன். வயது 78, இப்போது கட்டை போடுவதில்லை, திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிறார். நான் எழுதியதையெல்லாம் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு இரண்டு திருத்தம் சொன்னார்.

ஒன்று, தேர் ஓடும்போது அவர்கள் ‘முட்டுக்கட்டை’ என்று சொல்வதே இல்லை. அவ்வளவு நீளமாகச் சொல்ல நேரம் ஏது? "கட்டை! கட்டை!" என்பதுதான் சத்தம். இரண்டு, நான் கட்டை கொடுப்பதை மட்டும் எழுதியிருக்கிறேனாம், எடுப்பதை எழுதவில்லையாம். "குடுக்கிறது பெருசில்லப்பா. தேரு திரும்பினதும் அடுத்த இழுப்புக்குள்ள எடுக்கணும். எடுக்காம விட்டா ஏறி நின்னுக்கும், ஊரே இழுத்தாலும் நகராது. எனக்கு நகம் போனது குடுக்கிறப்போ இல்ல, எடுக்கிறப்போ."

மார்ச் 4 குறிப்பில் கையை எடுக்கத் தாமதம் என்று எழுதியது தவறு. கட்டையை எடுக்கத் தாமதம்.

மார்ச் 9, இரவு 9.15

பலகைகளுக்கு வருவோம். என் பரிந்துரை இது.

வாசலுக்கு: "வாசலை மறித்து வண்டி நிறுத்தாதீர்கள்." குப்பை எடுக்க வருகிறவர்களுக்கு: "துப்புரவுப் பணியாளர்களை வேலை செய்ய விடுங்கள்." ‘தடுக்காதீர்கள்’ என்று எழுதினால் மாடிவாசிகள் "நாங்கள் எப்போது தடுத்தோம்?" என்று கேட்பார்கள். ‘விடுங்கள்’ என்றால் கேட்க முடியாது. வடிகாலுக்கு: "வடிகாலில் குப்பை போடாதீர்கள், அடைத்துக்கொள்ளும்." கூட்டத்துக்கு: "ஒருவர் பேசி முடித்த பிறகு அடுத்தவர் பேசுங்கள்." குறுக்குச்சாலை வைக்க ஆசைதான், ஆனால் பலகை எல்லாருக்கும் புரிய வேண்டும்.

எழுதி முடித்ததும் மூன்றாம் மாடிப் பெரியவரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள். வாசல் பலகையை வண்டி ஓட்டுகிறவர் கண் மட்டத்தில் மாட்டுங்கள், பூந்தொட்டி மறைக்காத இடத்தில்.